சாயம் முக்குறதா, துண்டுத்துணி தைக்கிறதா, போன்ல படம் பண்றதா: எதுல இறங்கலாம்?

போன மாசம் மட்டும் மூணு பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தங்க எங்க ஆபீஸ்ல ரிட்டயர் ஆன அக்கா, ஒருத்தி கைக்குழந்தையோட இருக்க என் சித்தி பொண்ணு, இன்னொருத்தன் ஹாஸ்டல்ல தங்கி படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். ஏதாவது கையால பண்ணணும் போல இருக்கு, துணிக்கு சாயம் போடலாமா, கலர் கலரா துண்டுத்துணிய சேத்து க்வில்ட்னு தைக்கிறாங்களே அதுல இறங்கலாமா, இல்ல செலவே வேணாம்னு போன்லயே போட்டோவ வச்சு விளையாடலாமா, இதான் கேள்வி. நான் இந்த மூணையும் ஏழெட்டு வருஷமா மாத்தி மாத்தி பண்றவ, மூணுலயும் காசு விட்டிருக்கேன், மூணுக்கும் வீட்ல திட்டு வாங்கியிருக்கேன், அதனால மூணு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட தண்ணி வத்துறதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எத வச்சு முடிவு பண்றது

எல்லாரும் முதல்ல கேக்கறது "எவ்ளோ ஆகும்", அடுத்து "எனக்கு அதெல்லாம் வருமா". ரெண்டும் முக்கியம்தான், ஆனா நான் பாத்த வரைக்கும் ஆரம்பிச்சத விட்டவங்க யாரும் காசு இல்லாமலோ கை வராமலோ விடல. சாயப்பொடி டப்பா லாஃப்ட்ல ஏறுறதுக்கும், பாதி தச்ச துணி பீரோக்கு அடியில போறதுக்கும் காரணம் வேற.

முதல் விஷயம், பாதியில எந்திரிச்சு போக முடியுமா. குக்கர் விசில், காலிங் பெல், குழந்தை அழுக, இதெல்லாம் இல்லாத வீடு எது? ரெண்டாவது, தப்பு பண்ணா என்ன ஆகும். என்ன கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட பெரிய கேள்வி, ஏன்னா சாயத்துல பண்ண தப்ப திரும்ப எடுக்கவே முடியாது, தையல்ல பண்ண தப்ப பிரிச்சு சரி பண்ணலாம் ஆனா அதுக்கு ஒரு சாயங்காலம் போயிடும், போன்ல பண்ண தப்பு ஒரே தட்டுல காணாம போயிடும். கேக்கறதுக்கு மூணாவதுதான் நல்லா இருக்கும், ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, அங்க வரும்போது சொல்றேன்.

அப்புறம் வீட்ல எந்த இடத்த புடிக்கும், முதல் மாச செலவு இல்லாம ஆறாவது மாச செலவு என்ன, கடைசியா, பண்ணி முடிச்சத என்ன பண்ணப் போறீங்க. இந்தக் கடைசிய யாரும் யோசிக்கறதே இல்ல. எங்க வீட்ல இப்போ பதினொரு டை பண்ண துப்பட்டா இருக்கு, நான் துப்பட்டா போடறதே இல்ல.

சாயம்

மதுரக்காரிங்கறதால சாயம்னாலே எனக்கு சுங்குடிதான் வரும். மஹால் பக்கம் சௌராஷ்டிரா வீடுகள்ல பாட்டிங்க பேசிக்கிட்டே துணிய நகத்தால கிள்ளி எடுத்து நூல் சுத்தி முடிச்சு போடுவாங்க, கண்ணு துணியில இருக்கவே இருக்காது, விரல் அதுபாட்டுக்கு ஓடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, அத அப்படியே சாயத்துல முக்கி காய வச்சு பிரிச்சா முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. 2005-ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, ஆனாலும் இன்னைக்கு கடையில சுங்குடின்னு அடுக்கி வச்சிருக்கதுல நெறைய அச்சு போட்டதுதான். கைமுடிச்சுல புள்ளி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அத வச்சு கண்டுபுடிச்சுக்கலாம்.

வீட்ல ஆரம்பிக்கறவங்க முதல்ல ஏமாறுற இடம் சாயப்பொடிதான். கடையில பொட்டலமா கெடைக்கிற சாதாரண சாயத்த கொதிக்க வச்சு முக்கினா கலர் ஏறும், ஆனா ஒவ்வொரு துவைப்புக்கும் இறங்கிக்கிட்டே இருக்கும். பருத்திக்கு ரியாக்டிவ் டைன்னு கேட்டு வாங்குங்க. 1956-ல முதல் தடவ சந்தைக்கு வந்த வகை இது, துணி மேல சும்மா ஒட்டி நிக்காம நூல் இழையோட ரசாயனமாவே சேந்துக்கும், கொதிக்க வைக்கவும் வேணாம். ஆனா அது சேரணும்னா சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் பொடி, கண்டிப்பா வேணும். ஆப்ப சோடா இல்லங்க, தயவுசெஞ்சு ஆப்ப சோடா போட்டுட்டு கலர் நிக்கலன்னு எங்கிட்ட வராதீங்க. லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் அளவுல சோடா ஆஷ் கரைச்சு, கஞ்சி போக நல்லா அலசின துணிய கால்மணி நேரம் ஊற வச்சு, பிழிஞ்சு, மடிச்சு, நூல் கட்டி, சாயத்த ஊத்தி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ராத்திரி முழுக்க விட்டுடணும். நம்ம ஊரு வெக்கை இதுக்கு ரொம்ப நல்லது, குளிர் நாட்டுல இதுக்காக ஹீட்டர் பக்கத்துல வைப்பாங்க.

என்னோட முதல் சாதனைய சொல்றேன். வெள்ளை காட்டன் குர்தா ஒண்ண கருநீலத்துல முக்கினேன், கலர் அட்டகாசமா ஏறிச்சு, ஆனா கழுத்து, கை, ஓரம் எல்லாத்துலயும் தையல் மட்டும் பளீர்னு வெள்ளையா நிக்குது, யாரோ சாக்பீஸால கோடு போட்ட மாதிரி. துணி பருத்தி, தச்ச நூல் பாலியஸ்டர். பாலியஸ்டர் இந்த சாயத்த ஒரு துளி கூட குடிக்காது. அதுல இருந்து தச்ச துணிய முக்கறதில்ல, மல் துணியோ பாப்ளினோ மீட்டர் கணக்குல வாங்கி முக்கிட்டு அப்புறம்தான் தைக்க குடுக்கறது. பருத்தியான்னு சந்தேகமா இருந்தா ஓரத்துல இருந்து ஒரு நூல் உருவி தீக்குச்சி காட்டுங்க, பேப்பர் எரியற வாசனையோட சாம்பலானா பருத்தி, உருகி சின்னதா கெட்டி உருண்டையானா பாலியஸ்டர்.

பாதியில எந்திரிக்கற விஷயத்துல சாயம் மாதிரி மோசமானது எதுவுமில்ல. சோடாவும் சாயமும் சேந்த நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும், சாயம் துணியோட மட்டும் இல்ல, தண்ணியோடயும் சேந்துக்கிட்டு செத்துப்போகும், மிச்சத்த நாளைக்குன்னு மூடி வச்சா நாளைக்கு அது வெறும் கலர் தண்ணி. அந்த செத்த சாயம் முழுசா போற வரைக்கும் அலசணும், முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் நல்ல சூட்டு வெந்நீர். ஒரு தடவ அலச ஆரம்பிச்சு ரெண்டு பக்கெட் கூட ஆகல, மேல டேங்க் காலி, மோட்டார் போடலாம்னா கரண்ட் இல்ல. ரெண்டு மணி நேரம் துணி அப்படியே கலர் தண்ணியில ஊறிக் கெடந்துச்சு, ஒரு முழு வாரம் உக்காந்து கட்டின வெள்ளைப் புள்ளி அத்தனையும் வெளிர் நீலமாயிடுச்சு. யார குத்தம் சொல்றது, தொட்டிய எட்டிப் பாக்காம ஆரம்பிச்சது நான்தான்.

அப்போ மறைமுக செலவுன்னா முதல் இடம் தண்ணிக்குத்தான். ரெண்டு மீட்டர் துணிக்கு எனக்கு ஏழெட்டு பக்கெட் போகுது. லாரி தண்ணி வாங்குற வீடா இருந்தா ரெண்டு தடவ யோசிங்க. போர் தண்ணி உப்பா இருந்தா சாயம் கரைக்கறதுக்காவது நல்ல தண்ணி எடுங்க, உப்புத்தண்ணியில கலர் திட்டுத்திட்டா நிக்கும், அலசினாலும் லேசுல போகாது. சமையல் பாத்திரம் ஒண்ணு கூட இந்தப் பக்கம் வரக்கூடாது, ஒரு தடவ வந்தா அது திரும்ப அடுப்படிக்கு போகக்கூடாது, இதுல சமாதானமே இல்ல. பொடிய தொடும்போது மாஸ்க்கும் கிளவுஸும் கட்டாயம், பொடி மூச்சுல ஏறினா சிலருக்கு அலர்ஜி வந்து கடைசி வரைக்கும் விடாது. பாத்ரூம் டைல்ஸ் நடுவுல இருக்க வெள்ளை சிமெண்ட் கலர் மாறும், வாடகை வீடுன்னா அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது இத பத்தி பேச வேண்டி வரும். இன்னொண்ணு மனச உறுத்தற செலவு. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலுக்கு பண்ணத பாத்துட்டுதான் 2011-ல சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. என்னோட ஒரு பக்கெட்ட அதோட சேத்து வைக்க முடியாதுதான், ஆனாலும் நான் கண்ண மூடிட்டு அளவு இல்லாம கலக்கறத நிறுத்திட்டேன், துணிய எடை போட்டுத்தான் பொடி அளக்கறேன்.

இயற்கை சாயம்னு போனா கலர் கம்மி, பொறுமை ஜாஸ்தி. மஞ்சள்ல ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க, வெயில்ல காய வச்சா பறந்துடும், சோப்பு பட்டா செவந்துடும். கடுக்காய்ல ஆரம்பிங்க. கடுக்காய்ப் பொடிய கரைச்சு துணிய முக்கி காய வச்சா மங்கலா ஒரு மஞ்சள் வரும், பாக்க ஒண்ணும் விசேஷமா இருக்காது. துரு புடிச்ச ஆணியும் வெல்லமும் தண்ணியில போட்டு ரெண்டு மூணு வாரம் புளிக்க வச்ச தண்ணிய குச்சியால தொட்டு அந்தத் துணி மேல ஒரு கோடு இழுத்துப் பாருங்க. தொட்ட எடத்துல கண்ணு முன்னாடியே கறுத்துக்கிட்டு வரும். காளஹஸ்தி கலம்காரியில கறுப்புக் கோடு இப்படித்தான் போடறாங்க. நீலச் சாயம் குடுக்கற அவுரிச் செடியும் அந்த மாதிரி ஒரு வித்தைதான், தொட்டியில இருந்து எடுக்கும்போது பச்சையா இருக்கும், காத்து பட பட நீலமாகும், ஆனா அவுரித் தொட்டிய பராமரிக்கறது மாடு வளக்கற மாதிரி, புதுசா வர்றவங்க அந்தப் பக்கம் போக வேணாம்.

சாயம் யாருக்குன்னா, மொட்டமாடி இருக்கணும், தண்ணி இருக்கணும், நடுவுல யாரும் கூப்பிடாத ஒரு அரை நாள் இருக்கணும், அப்புறம் என்ன வந்தாலும் சரின்னு ஏத்துக்கற மனசு இருக்கணும். நூல பிரிக்கும்போது உள்ள என்ன இருக்கும்னு தெரியாது பாருங்க, அந்த பத்து செகண்டுக்காகத்தான் இவ்வளவும். நெனச்சது நெனச்ச மாதிரியே வரணும்னு நிக்கறவங்களுக்கு இது ஆகாது, ரத்தக்கொதிப்புதான் மிச்சம்.

துண்டுத்துணி தையல்

இதுக்கு நம்மூர்ல தனியா பேர் வச்சு கொண்டாடல, ஆனா பழைய நூல் புடவைய நாலா மடிச்சு ஓரம் அடிச்சு குழந்தைக்கு விரிக்காத வீடு ஏது. வங்காளத்துல காந்தா, மராட்டியத்துல கோதடி, எல்லாமே பழைய துணிக்கு ரெண்டாவது ஆயுசு குடுக்கற வேலதான். அமெரிக்காவுல அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, அங்க கறுப்பினப் பெண்கள் நஞ்சுபோன வேலைத்துணியில குளிருக்காக தச்சத 2002-ல மியூசியத்துல ஓவியம் மாதிரி சுவத்துல மாட்டினாங்க. கோணல்மாணலா இருக்கறதுதான் அதோட அழகே, ஆரம்பிக்கறவங்க அத ஒரு தடவ தேடிப் பாத்துடுங்க, நேர்கோடு வரலன்னு வர்ற பயம் பாதி போயிடும்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மெஷின்ல சதுரம் சதுரமா வெட்டி சேக்கறது. இன்னொண்ணு கையிலயே தைக்கறது. மெஷின் வழி பாக்க சுலபமா தெரியும், உண்மையில கணக்கு வாத்தியார் வேல. 36 இஞ்சுக்கு 36 இஞ்ச் குழந்தை விரிப்பு ஒண்ணு எடுத்துக்கோங்க, 4 இஞ்ச் சதுரம்னா 9 வரிசை, வரிசைக்கு 9, மொத்தம் 81 துண்டு. தையலுக்கு சுத்தி கால் இஞ்ச் விடணும், அதனால நாலரை இஞ்ச்சா வெட்டணும். இப்போ அந்த கால் இஞ்ச்சுக்கு மேல ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலா தள்ளி தைக்கறீங்கன்னு வைங்க. ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கத் துணியும் ஒரு மில்லி குறையும், வரிசைக்கு எட்டுத் தையல், ஆக 16 மில்லி காணாம போச்சு. அடுத்த வரிசையில சரியா தச்சிருப்பீங்க, அது 16 மில்லி நீளமா நிக்கும். ரெண்டையும் சேக்கும்போது மூல எதுவும் மூலையோட சேராது, இழுத்துப் புடிச்சு தச்சா நடுவுல உப்பும். நான் முதல்ல தச்சது நடுவுல இட்லி மாதிரி உப்பிக்கிட்டு நின்னுச்சு, அயர்ன் பாக்ஸால அமுக்கி அமுக்கி பாத்தும் அடங்கல.

துணிக்கு காசு செலவு பண்ண வேணாம். பீரோவ திறங்க, தாம்பூலத்துல வச்சு குடுத்த பிளவுஸ் பிட்டு ஒரு அடுக்கு இருக்கும், நாம அடுத்த வீட்டு கொலுவுக்கு குடுத்து, அவங்க அதுக்கடுத்த வீட்டுக்கு குடுத்து, ஒண்ணு எங்கிட்டயே ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்துச்சு, மடிப்புல நான் பேனாவுல போட்ட புள்ளியோட. அதுல பருத்தியா இருக்கத பிரிங்க, டூ பை டூ துணி கெடைச்சா கோடி கோடி கலர்ல அருமையா இருக்கும். ஒரு பிட்டுல நாலரை இஞ்ச் சதுரம் நாப்பதுக்கு குறையாம வெட்டலாம். தெரிஞ்ச டெய்லர்கிட்ட சொல்லி வச்சா வெட்டுத்துணி மூட்டையாவே குடுப்பாங்க. புதுமண்டபத்துல தையல்காரங்க வரிசையா உக்காந்து தச்ச காலத்துல எங்க அம்மா அங்க போய் வெட்டுத்துணி வாங்கிட்டு வருவாங்க, தலகாணிக்குள்ள அடைக்க. பனியன் துணி மட்டும் வேணாம், இழுவையில எல்லாம் கோணிடும்.

மறைமுக செலவு இங்க துணியில இல்ல. முதல்ல, நடுவுல வைக்கற பஞ்சு விரிப்பு. பருத்திப் பஞ்சு விரிப்பு நம்மூர் துணிக்கடையில சாதாரணமா கெடைக்காது, பாலியஸ்டர் பஞ்சுதான் கெடைக்கும், மே மாசம் மதுரையில அத விரிச்சுப் படுத்தா வேற வினையே வேணாம். நான் பழைய பருத்தி பெட்ஷீட்டத்தான் நடுவுல வைக்கறேன், லேசா இருக்கும், துவைச்சா சீக்கிரம் காயும். ரெண்டாவது, வட்டக் கத்தி, அதுக்கு அடியில போடற மேட், ஸ்கேல்னு ஒரு செட் வாங்கச் சொல்லுவாங்க. மெஷின் வழிக்கு அது இல்லாம கஷ்டம், கத்திரிக்கோல்ல 81 சதுரம் ஒரே அளவா வெட்ட முடியும்னா நீங்க பெரிய ஆளு. மெஷின் வீட்ல இல்லன்னா அது தனி செலவு, ஹாபிக்குன்னு முதல் நாளே வாங்காதீங்க. அப்புறம் துணி சேக்கற வியாதி. இது வந்தவங்களுக்குத்தான் தெரியும், தைக்கறது ஒரு ஹாபி, துணி சேக்கறது வேற ஒரு ஹாபி, நாம ரெண்டாவதத்தான் பண்ணிக்கிட்டு இருப்போம்.

அதனால ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது கை வழி, அதுலயும் கவண்டி. கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம் சித்தின்னு (Siddi) ஆப்பிரிக்க வழி வந்த ஒரு சமூகம் இருக்கு, அவங்க தைக்கறது. அடியில ஒரு பழைய புடவை, மேல துண்டுகள், ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்பக்கமா ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே போய் நடுவுல வந்து முடிக்கணும். அளவு கெடையாது, முன்கூட்டியே வெட்டறது கெடையாது, அங்க எந்த இடம் காலியா இருக்கோ அதுக்கு ஏத்த துண்ட எடுத்து ஓரத்த மடிச்சு வச்சு தச்சுக்கிட்டே போறதுதான். நாலு மூலையிலயும் துணிய முக்கோணமா மடிச்சு பூ மாதிரி வைப்பாங்க, அது இல்லன்னா துணி அம்மணமா இருக்குன்னு அர்த்தமாம். ஊசி, நூல், கத்திரிக்கோல், மூணு இருந்தா போதும். குழந்தை முழிச்சுக்கிச்சா, ஊசிய துணியில குத்தி மடிச்சு ஷெல்ஃபுல மேல வச்சுட்டு போங்க. பத்து நாள் கழிச்சு வந்தாலும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கலாம். மூணு ஹாபியிலயும் இந்த வசதி இதுக்குத்தான் ஜாஸ்தி.

ஒரு எச்சரிக்கை, சிவப்பு, கருநீலம், மெரூன் துணிய தனியா ஊற வச்சு சாயம் விடுதான்னு பாத்துட்டு சேருங்க. ரெண்டு மாசம் தச்சத முதல் தடவ துவைச்சப்போ பக்கத்துல இருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் ஆன கதை எனக்கு இருக்கு, விரிவா சொல்ற மனநிலை இல்ல.

போன்ல, கம்ப்யூட்டர்ல படம்

இத சுருக்கமாவே சொல்றேன், ஏன்னா இதுல இறங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, வெளிய வரத்தான் சொல்லித்தரணும். போன்ல ஸ்னாப்சீட், கம்ப்யூட்டர் இருந்தா ஜிம்ப், எதையும் ஏத்த முடியாத பழைய லேப்டாப்னா பிரவுசர்லயே ஓடற போட்டோபியா, மூணும் காசு இல்லாம கெடைக்குது. ஜிம்ப் 1996-ல இருந்து இலவசமாவே இருக்கு. மாச சந்தா கட்டற சாஃப்ட்வேர் முதல் வருஷம் வேணவே வேணாம்.

லேயர்னா ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித் தாள் மாதிரி, அது புரிஞ்சா பாதி கிணறு தாண்டியாச்சு. இத பண்ணிப் பாருங்க: காலையில வாசல் தெளிச்சு கோலம் போட்டதும், தரை ஈரமா கருத்து இருக்கும்போதே, நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுங்க. சேலை முந்தானை, சுவரு, எதோட படமாவது கீழ லேயர்ல வச்சு கோலத்த மேல வச்சு, ரெண்டு லேயரும் எப்படி கலக்கணும்னு சொல்ற பிளெண்ட் மோட் இருக்கும், அத "ஸ்க்ரீன்"னு மாத்துங்க. கருப்பெல்லாம் மறைஞ்சு வெள்ளைக் கோடு மட்டும் சேலை மேல எந்திரிச்சு நிக்கும். தரை சரியா மறையலன்னா கோலப் படத்தோட இருட்ட இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. வெட்டல, ஒட்டல, எவ்ளோ நுணுக்கமான இழையா இருந்தாலும் அப்படியே வரும். முதல் தடவ வந்தப்போ ராத்திரி ஒரு மணி வரைக்கும் நான் தூங்கல.

அதான் வில்லங்கமும். தப்ப அழிச்சுக்கிட்டே இருக்கலாம்னா முடிவுன்னு ஒண்ணு எதுக்கு வரணும்? சாயத்துல துணி காஞ்சா முடிஞ்சுது, தையல்ல ஓரம் அடிச்சா முடிஞ்சுது. இங்க இன்னும் கொஞ்சம் மஞ்சள் கூட்டிப் பாப்போம், அந்த நிழல எடுத்துட்டு பாப்போம்னு போய்க்கிட்டே இருக்கும். எங்கிட்ட ஒரே கோலப் படம் 43 ஃபைலா இருக்கு, இன்னைக்கு வரைக்கும் ஒண்ண கூட பிரிண்ட் போடல. இதுல இறங்கறவங்க முதல்லயே ஒரு கெடு வச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கோ அதுதான் படம்னு.

பிரிண்ட் போடறவங்களுக்கு மட்டும் ரெண்டு சங்கதி. ஏ4 அளவுக்கு தெளிவா வரணும்னா 2480-க்கு 3508 பிக்சல் வேணும், வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க. ஸ்க்ரீன்ல மின்னற பச்சையும் நீலமும் பேப்பர்ல மங்கும், அது கடைக்காரர் தப்பு இல்ல, வெளிச்சத்துல வர்ற கலர் எல்லாத்தையும் மையால கொண்டு வர முடியாது. துணியில பிரிண்ட் வேணும்னா கேட்டுக்கோங்க, சப்ளிமேஷன்னு சொல்றது, அதாவது சூடு வச்சு மைய துணிக்குள்ள ஏத்தறது, பாலியஸ்டர்ல மட்டும்தான் நிக்கும். சாயத்துல பாலியஸ்டர் நம்மள கழுத்தறுக்கும், இங்க பருத்தி. ஏஐகிட்ட சொல்லி படம் வாங்கறதும் ஜாலிதான், ஆனா கை பரபரக்குதுன்னு வந்தவங்களுக்கு அது பசிக்கு மெனு கார்ட் படிச்ச மாதிரி இருக்கும்.

ஒரே பார்வையில

| | சாயம் | துண்டுத்துணி | போன் படம் |
|---|---|---|---|
| பாதியில எந்திரிக்கலாமா | முடியவே முடியாது | எப்ப வேணா | எந்திரிக்கலாம், மனசு வராது |
| தப்பு பண்ணா | அதோட வாழணும் | பிரிக்கலாம், நேரம் போகும் | ஒரே தட்டுல போயிடும் |
| இடம் | மாடி, பாத்ரூம் | கையில தச்சா மடி போதும், மெஷின்னா மேஜை | எங்கயும் |
| முதல் மாசம் | பொடி, சோடா ஆஷ், பக்கெட், கிளவுஸ், மாஸ்க் | கையில தச்சா ஊசி நூல் மட்டும் | இருக்கற போனே போதும் |
| ஆறாவது மாசம் | தண்ணி, புதுப்புது கலர் | துணி மூட்டை, மெஷின் ஆசை | ஸ்டோரேஜ், சந்தா ஆசை |
| குழந்தை உள்ள வீடு | வேணாம் | ஊசி ஜாக்கிரதையோட சரி | போன குழந்தை புடுங்கும் |
| கையில மிஞ்சறது | போட்டுக்கற துணி | வருஷக்கணக்குல உழைக்கற விரிப்பு | ஃபைல், பிரிண்ட் போட்டா சுவத்துல |

கேட்ட மூணு பேருக்கும் என்ன சொன்னேன்

சித்தி பொண்ணுக்கு யோசிக்கவே இல்ல, கவண்டி. தவழ ஆரம்பிக்கற குழந்தை இருக்க வீட்ல சாயப்பொடியும் சோடா ஆஷும் உள்ளயே வரக்கூடாது, கண்ணுல பட்டா விளையாட்டு இல்ல. அவ மாமியார் வீட்ல பழைய சுங்குடி புடவை நாலு கெடக்காம், அடித்துணிக்கு வேற என்ன வேணும். தைக்கும்போது எண்ணி ஒரே ஒரு ஊசி, எந்திரிக்கும்போது அது துணியில இருக்கான்னு பாத்துட்டு எந்திரின்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

ஹாஸ்டல் பையனுக்கு போன்தான். பொதுக் குளியலறையில கருநீலத்த கரைச்சா வார்டன் அவன கரைச்சிடுவாரு. ஆனா அவனுக்கு ஒண்ணு சொன்னேன், மாசத்துக்கு ஒரு படமாவது பிரிண்ட் போட்டு ரூம்ல ஒட்டணும், எனக்கு ஒண்ணு அனுப்பணும். ஒட்டி ரெண்டு நாள் பாத்தா தப்பு தானா தெரியும், ஸ்க்ரீன்ல தெரியாது.

ரிட்டயர் ஆன அக்கா விஷயத்துலதான் எங்க ஆபீஸே எனக்கு எதிரா நின்னுச்சு. "இந்த வயசுல எதுக்கு பக்கெட் தூக்கிட்டு, போன்ல ஏதாவது சொல்லிக்குடு" ன்னாங்க. முப்பது வருஷம் ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்தவங்கள திரும்பவும் ஸ்க்ரீன் முன்னாடியே உக்கார வைக்கறதா? தனி வீடு, மொட்டமாடி, போரும் இருக்கு கார்ப்பரேஷன் தண்ணியும் வருது, பகல் முழுக்க கேக்க ஆள் கெடையாது, சாயத்துக்கு இதவிட பொருத்தமான ஆள நான் பாத்ததில்ல. ஒரே பிரச்சன அவங்க மணிக்கட்டு, ஈர சேலைய பிழிய முடியாது. சேலை வேணாம், கர்ச்சீஃப் அளவுல ஆரம்பிக்கலாம்னு பேசி முடிச்சாச்சு. கலர் சரியா வராதத சித்தி பொண்ணு வாங்கிக்கறேன்னு இப்பவே துண்டு போட்டு வச்சிருக்கா. பையன் கூட ஒரு வழிக்கு வந்தான், அவளோட துண்டுங்கள தரையில பரப்பி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அத கருப்பு வெள்ளையா மாத்தி திருப்பி அனுப்பினான். கலர்ல பாக்கும்போது சிவப்பும் பச்சையும் சண்ட போடற மாதிரி இருந்தது, கருப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பலா ஒட்டிக்கிச்சு, நடுவுல வெளிர் துண்டு ஒண்ணு வைக்கணும்னு அவளுக்கே புரிஞ்சுடுச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில அக்கா வீட்டு மாடியில முதல் முக்கல். சோடா ஆஷும் ரெண்டு கலரும் நான் எடுத்துட்டு போறேன், பழைய பக்கெட் மூணு அவங்க பொறுப்பு. சனிக்கிழம ராத்திரியே மோட்டார் போட்டு தொட்டிய நெப்பி வச்சுட்டு எனக்கு போன் பண்ணணும்னு சொல்லியிருக்கேன்.